முதலாளி இல்லாத உழைப்பு
லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டுப் பராமரிப்புத் தொழிலாளர் சங்கத்தின் பன்னிரண்டு ஆண்டுகள்

(டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவு)



அண்ணலின் நினைவு நாளில் அரசமைப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள், பௌத்தத்தைப் பற்றிப் பேசுவார்கள். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் திருத்த மசோதாவை 1943இல் கொண்டுவந்தவர் அவர். முதலாளி பேச மறுத்தால் சங்கம் வெறும் கூட்டமாகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பேச மறுக்கிற முதலாளியை நமக்குத் தெரியும். முதலாளி என்று எவருமே இல்லாவிட்டால் என்ன செய்வது? கூலி வருகிறது, வேலை நடக்கிறது, கை வலிக்கிறது, முதுகு ஒடிகிறது. ஆனால் "உன் முதலாளி யார்?" என்று கேட்டால் சுட்டிக்காட்ட ஆள் இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் பல்லாயிரம் பெண்கள் இந்த நிலையில் இருந்தார்கள். அவர்கள் ஒரு கிளைச் சங்கத்தை எப்படிக் கட்டினார்கள், முதலாளியை எப்படி உருவாக்கினார்கள் என்பதே இன்றைய உரையின் பொருள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள், மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த பெண்கள், அர்மீனிய, சீன, கொரிய, பிலிப்பினோ குடியேறிகள். நம் வரலாற்றோடு அவர்கள் வரலாறு எங்கே தொடுகிறது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

வேலை என்ன?

வீட்டுப் பராமரிப்பு என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். முதியவர், உடல் ஊனமுற்றவர், நீண்ட நோயில் படுத்தவர் ஆகியோரை அவர்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை. படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைக்க வேண்டும். குளிப்பாட்ட வேண்டும். மலம், சிறுநீர் அள்ளித் துடைக்க வேண்டும். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சமைத்து ஊட்டி, மருந்து கொடுத்து, துணி துவைத்து, மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

இது மருத்துவ வேலையா, வீட்டு வேலையா? இரண்டும்தான். ஆனால் செவிலியர் செய்தால் அதற்குப் பெயர் மருத்துவம். இவர்கள் செய்தால் "ஒத்தாசை". இந்தப் பெயர் மாற்றத்தில்தான் கூலி காணாமல் போகிறது.

விலக்கு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகும் கறுப்பினப் பெண்களுக்குத் திறந்திருந்த கதவு பெரும்பாலும் வெள்ளையர் வீட்டுப் பின்கதவுதான். 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் அந்தக் கதவும் பாதி சாத்தப்பட்டது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கறுப்பினப் பெண்கள் தெருமுனையில் காத்து நிற்பார்கள். வீட்டுக்காரம்மாக்கள் வந்து மணிக்கணக்கில் பேரம் பேசி அழைத்துப் போவார்கள். எலா பேக்கரும் மார்வெல் குக்கும் 1935இல் 'தி கிரைசிஸ்' இதழில் அந்த இடத்தை "பிராங்ஸ் அடிமைச் சந்தை" என்றே தலைப்பிட்டு எழுதினார்கள்.

அதே 1935இல்தான் அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றின் பெருமைக்குரிய சட்டம் வந்தது. சங்கம் சேரும் உரிமையையும் கூட்டுப் பேர உரிமையையும் தந்த தேசிய தொழிலாளர் உறவுச் சட்டம். அதில் "தொழிலாளி" என்பதற்கு இலக்கணம் எழுதும்போது இரண்டு பிரிவினரை வெளியே நிறுத்தினார்கள். ஒன்று, விவசாயக் கூலிகள். மற்றொன்று, வீட்டு வேலை செய்வோர். அதே ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் இந்த இரு பிரிவினரையும் விலக்கியது. 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதும் வீட்டு வேலை செய்வோருக்கு அது எட்டவில்லை.

இந்தச் சட்டங்களில் "கறுப்பினத்தவருக்குக் கிடையாது" என்று எங்கும் எழுதவில்லை. எழுதத் தேவையிருக்கவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வயலிலும் சமையலறையிலும்தான் இருந்தார்கள். வயலையும் சமையலறையையும் விலக்கினால் ஆளும் விலகிவிடுவார். தென் மாநில உறுப்பினர்களின் வாக்கு இல்லாமல் சட்டம் நிறைவேறாது என்ற நிலையில் இந்த விலக்கு நிலைபெற்றது. சாதியின் பெயரைச் சொல்லாமல் தொழிலின் பெயரைச் சொல்லியே சாதியைச் சட்டத்துக்குள் வைக்க முடியும் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல.

1974இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைத் திருத்தி வீட்டுப் பணியாளரை உள்ளே கொண்டுவந்தார்கள். ஆனால் அதே கையால் ஒரு ஓட்டையும் போட்டார்கள். முதியவர்களுக்கும் நோயுற்றவர்களுக்கும் "துணையாக இருக்கும் சேவை" செய்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் மிகைநேரக் கூலியும் கிடையாது என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எப்போதாவது வந்து தாத்தாவுக்குத் துணையாக உட்கார்ந்திருப்பதை மனத்தில் வைத்து எழுதியது என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. தொழிலாளர் துறையோ தன் விதிமுறையில், லாபத்துக்கு நடக்கும் ஏஜென்சிகள் அனுப்பும் முழுநேர ஊழியர்களையும் அந்த ஓட்டைக்குள்ளேயே சேர்த்துவிட்டது.

மூன்று பேர் பணம் தருகிறார்கள், முதலாளி ஒருவரும் இல்லை

இனி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வருவோம். கலிஃபோர்னியா மாநிலம் 1970களின் தொடக்கத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. ஏழை முதியவர்களும் உடல் ஊனமுற்றவர்களும் காப்பகங்களில் அடைபடாமல் வீட்டிலேயே வாழ அரசு செலவில் உதவியாளர். நல்ல திட்டம். அதன் பின்னால் ஊனமுற்றோர் இயக்கத்தின் போராட்டமும் இருந்தது. பெர்க்லியில் எட் ராபர்ட்ஸ் போன்றவர்கள் முன்னெடுத்த சுயேச்சை வாழ்வு இயக்கம் ஒன்றை உறுதியாகச் சொன்னது: எங்கள் உடலைத் தொடுகிறவர் யார் என்பதை நாங்களே தீர்மானிப்போம்.

ஆகவே திட்டத்தின் அமைப்பு இப்படி ஆயிற்று. உதவியாளரைத் தேர்ந்தெடுப்பதும் நிறுத்துவதும் பராமரிப்புப் பெறுபவரின் உரிமை. எத்தனை மணி நேரம் உதவி தேவை என்று மதிப்பிடுவது கவுண்டி நிர்வாகம், அதாவது நம் மாவட்ட நிர்வாகம் போன்றது. காசோலை அனுப்புவது மாநில அரசு. பணத்தில் ஒரு பங்கு மத்திய அரசினுடையது.

கூலி குறைவு என்று தொழிலாளி யாரிடம் போவார்? படுக்கையில் இருக்கும் முதியவரிடம் கேட்டால், "எனக்கே அரசு தருகிற உதவித்தொகைதான் அம்மா" என்பார். கவுண்டியிடம் போனால், "உங்களை வேலைக்கு வைத்தவர் அந்த முதியவர்" என்பார்கள். மாநிலத்திடம் போனால், "நாங்கள் காசோலை மட்டும்தான் அனுப்புகிறோம்" என்பார்கள். காசோலை தாமதமானால் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்றே தெரியாது. மருத்துவக் காப்பீடு இல்லை, விடுப்பு இல்லை. சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த கூலியே கூலி. 1999இல்கூட அது மணிக்கு 5.75 டாலர்தான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இந்தத் தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் தம் சொந்தத் தாயையோ கணவரையோ பிள்ளையையோ பார்த்துக்கொள்பவர்கள். "பெற்ற தாய்க்குச் செய்வதற்கும் கூலியா?" என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ஒன்றைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்துக்கொள்வதற்காக அந்த மகள் வேறு வேலையை விட்டிருக்கிறாள். அவள் விலகிக்கொண்டால் அதே தாயை அரசு காப்பகத்தில் சேர்த்துப் பல மடங்கு செலவு செய்ய வேண்டியிருக்கும். அன்பைக் காட்டி மிச்சப்படுத்திய பணம் யார் கணக்கில் சேர்ந்தது என்பதே சங்கம் கேட்ட கேள்வி.

கதவு கதவாக

1987இல் சேவைப் பணியாளர் சர்வதேசச் சங்கம் லாஸ் ஏஞ்சல்ஸில் இவர்களைத் திரட்டத் தொடங்கியது. இந்தத் தொழிலாளர்களுக்கென்று பின்னாளில் அமைந்ததே அதன் 434-பி என்ற உள்ளூர்க் கிளை.

வழக்கமாகச் சங்கம் கட்டுவோர் ஆலை வாசலில் நிற்பார்கள். ஷிஃப்ட் விடும் நேரத்தில் துண்டறிக்கை கொடுப்பார்கள். இங்கே ஆலை இல்லை, வாசல் இல்லை, ஷிஃப்ட் இல்லை. பல்லாயிரம் தொழிலாளர்கள், ஏறத்தாழ அத்தனை வீடுகள். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. தன்னைப் போல் இன்னொருத்தி அடுத்த தெருவில் இருக்கிறாள் என்பதே தெரியாது. எனவே அமைப்பாளர்கள் முதியோர் மையங்களுக்குப் போனார்கள், தேவாலயங்களுக்குப் போனார்கள், கடைத்தெருவுக்கும் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடங்களுக்கும் போனார்கள், வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். ஸ்பானிஷ், அர்மீனியன், சீனம், கொரியன் என்று அவரவர் மொழியில் பேச வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். எந்த முதலாளியும் அங்கீகரிக்காத சங்கத்துக்கு அந்த ஏழைப் பெண்கள் தம் கைக்காசைச் சந்தாவாகக் கட்டினார்கள்.

கவுண்டிதான் முதலாளி, அது எங்களோடு பேச வேண்டும் என்று சங்கம் வழக்குப் போட்டது. 1990இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது: கவுண்டி இவர்களுக்கு முதலாளி அல்ல. சட்டக் கதவு அத்தோடு சாத்தப்பட்டது.

இங்கேதான் அந்தக் கிளையின் உண்மையான அறிவு வெளிப்பட்டது. இருக்கிற முதலாளியை நிரூபிக்க முடியவில்லை என்றால், ஒரு முதலாளியைச் சட்டத்தால் உருவாக்க வைப்போம் என்று முடிவெடுத்தார்கள். கவுண்டிதோறும் ஒரு "பொது ஆணையம்" அமைய வேண்டும், கூட்டுப் பேரத்துக்கு அதுவே முதலாளியாக உட்கார வேண்டும் என்பது திட்டம்.

இதற்கு முதலில் அஞ்சியவர்கள் ஊனமுற்றோர் இயக்கத்தினர். அவர்கள் அச்சம் நியாயமானது. சங்கம் வந்தால் உதவியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விடுமா? வேலைநிறுத்தம் என்று சொல்லிவிட்டால் காலையில் என்னைப் படுக்கையிலிருந்து தூக்குவது யார்? சங்கம் இந்தக் கேள்விகளை எதிரியின் கேள்விகளாக எண்ணித் தள்ளிவிடவில்லை. உட்கார்ந்து பேசியது. தேர்வு செய்யும் உரிமையும் நிறுத்தும் உரிமையும் பராமரிப்புப் பெறுபவரிடமே இருக்கும், ஆணையத்தை நடத்தும் குழுவில் பாதிக்குக் குறையாமல் அவர்களே இருப்பார்கள், கூலி, காப்பீடு போன்றவற்றை மட்டும் சங்கமும் ஆணையமும் பேசித் தீர்க்கும் என்ற உடன்பாடு உருவாயிற்று. தொழிலாளிக்குக் கூலி உயர்ந்தால் நல்ல உதவியாளர் நிலைத்து நிற்பார். உதவியாளர் நிலைத்து நின்றால் ஊனமுற்றவர் காப்பகத்துக்குப் போக வேண்டியதில்லை. இரு தரப்பின் நலனும் ஒரே முடிச்சில் இருப்பதை இரு தரப்பும் கண்டுகொண்டன.

1992இல் இப்படி ஆணையம் அமைக்க இடம் கொடுக்கும் மாநிலச் சட்டம் வந்தது. இடம்தான் கொடுத்தது, கட்டாயம் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி மேலும் ஐந்து ஆண்டுகள் இழுத்தது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் அதைத் தள்ளுபவரும் ஒன்றாகப் போய் மேற்பார்வைக் குழுவின் முன் பேசினார்கள். 1997இல் ஆணையம் அமைந்தது.

1999 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. வாக்குரிமை பெற்ற தொழிலாளர்கள் ஏறத்தாழ 74,000 பேர். தபாலில் வந்த வாக்குகளை எண்ணியபோது சங்கத்துக்கு ஆதரவாக 16,250, எதிராக 1,925. 1930களில் மோட்டார் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கண்ட காலத்துக்குப் பிறகு அமெரிக்காவில் ஒரே நேரத்தில் இத்தனை பேர் சங்கத்துக்குள் வந்தது இதுவே என்று அன்று எழுதினார்கள். எஃகும் காரும் செய்கிற வெள்ளை ஆணையே தொழிலாளியின் உருவமாக வரைந்து பழகிய நாட்டில், இருபதாம் நூற்றாண்டின் முடிவில் அந்த வரலாற்றை எழுதியவர்கள் நோயாளியின் துணி மாற்றுகிற கறுப்பின, குடியேறிப் பெண்கள். அதே ஆண்டில், 2003க்குள் ஒவ்வொரு கவுண்டியிலும் ஒரு முதலாளி இருந்தே ஆக வேண்டும் என்று மாநிலச் சட்டமும் வந்தது.

வென்ற பிறகு

இத்தோடு கதையை முடித்தால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் களத்தில் நிற்பவர்களுக்கு அது உதவாது. மூன்று செய்திகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது, சங்கத்துக்குள்ளேயே நடந்தது. 2008இல் இந்தக் கிளையின் தலைமை உறுப்பினர்களின் பணத்தைத் தவறாகப் பயன்படுத்தியதை 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' வெளியிட்டது. தலைவர் பதவியிழந்தார். 2013இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்துச் சிறைத்தண்டனை விதித்தது. மிகக் குறைந்த கூலி வாங்கும் பெண்களின் சந்தாப் பணம் அது. வாக்களிக்கும் உரிமை பெற்றவர்களில் நான்கில் ஒரு பங்கினர்கூட வாக்களிக்கவில்லை என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வேலையிடத்தில் உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் சந்திக்காத சங்கத்தில், மேலே இருப்பவரைக் கேள்வி கேட்கக் கீழே கூட்டம் கூடாது. அப்படிப்பட்ட சங்கத்துக்குத் தெருவாரியான கூட்டமும் வெளிப்படையான வரவு செலவும் உயிர்நாடி. அந்தக் கிளை பிறகு மறுசீரமைக்கப்பட்டது. 2015இல் மாநிலத்தில் இந்தச் சங்கத்தைச் சேர்ந்த நீண்டகாலப் பராமரிப்புத் தொழிலாளர்கள் 2015 என்ற எண்ணுள்ள ஒரே கிளையில் இணைந்தார்கள்.

இரண்டாவது, நீதிமன்றத்தில் நடந்தது. எவ்லின் கோக் ஜமைக்காவிலிருந்து நியூயார்க் வந்து, வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சியில் சுமார் இருபது ஆண்டுகள் உழைத்தவர். நீண்ட நேரம் உழைத்தும் மிகைநேரக் கூலி கிடைக்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார். முன்பு சொன்ன "துணையாக இருக்கும் சேவை" என்ற ஓட்டைதான் அவருக்கு எதிராக நின்றது. 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2009இல் அவர் இறந்தார். அவர் எழுப்பிய கேள்வி இறக்கவில்லை. 2013இல் தொழிலாளர் துறை விதிமுறையைத் திருத்தி, ஏஜென்சிகள் இந்த விலக்கைப் பயன்படுத்த முடியாதபடி செய்தது. ஏஜென்சி முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் புதிய விதி செல்லும் என்றது. ஆனால் 2025இல் அதே தொழிலாளர் துறை அந்த விதியை நீக்க முன்மொழிவு வெளியிட்டது. பெற்ற உரிமை பெட்டியில் வைத்துப் பூட்டிய நகை அல்ல. ஒவ்வொரு ஆட்சியிலும் அதை மீண்டும் காக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, இல்லினாய் மாநிலத்திலிருந்து போன வழக்கு. சங்கம் பேசி வாங்கிய கூலி உயர்வு எல்லோருக்கும் கிடைக்கிறது என்பதால், உறுப்பினர் அல்லாதவர்களிடமும் பேரச் செலவுக்கான பங்கை அங்கே பிடித்துவந்தார்கள். ஊனமுற்ற மகனைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தாய் உள்ளிட்டோர் அதை எதிர்த்தார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இவர்கள் முழுமையான அரசு ஊழியர்கள் அல்லர், எனவே அந்தக் கட்டாயப் பங்கு செல்லாது என்றது. கூலி கேட்கும்போது "நீ அரசு ஊழியர் அல்ல" என்றார்கள். சங்கத்துக்கு வருவாய் வரும்போதும் "நீ அரை அரசு ஊழியர்தான்" என்றார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தொழிலாளி என்ற பெயர் அவர்களுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை.

நமக்கு என்ன?

நண்பர்களே, 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர்கள் மாநாட்டில் அண்ணல் பேசியதை நீங்கள் அறிவீர்கள். தொழிலாளிக்கு இரண்டு எதிரிகள், ஒன்று பார்ப்பனியம், மற்றொன்று முதலாளித்துவம் என்றார். பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோர் சேர்க்கப்படவில்லை. நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும், தீட்டுப்படும் என்பதே காரணம். சங்கங்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. தொழிலாளர்களுக்குள் யார் எந்த வேலை செய்யலாம் என்பதைத் தீட்டு தீர்மானித்தது.

வீட்டுப் பராமரிப்பு வேலையை அந்தக் கண்ணோடு பாருங்கள். அங்கே நிறம் தீர்மானித்ததை இங்கே சாதி தீர்மானிக்கிறது. சமைக்க ஒருவர், பூசையறை துடைக்க ஒருவர், படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு மலம் அள்ள வேறொருவர். அந்த மூன்றாமவர் எங்கிருந்து வருகிறார் என்று உங்களுக்குத் தெரியும். பெரியவரின் உடம்பைத் தொட்டுத் தூக்கலாம். அந்த வீட்டு டம்ளரைத் தொட்டால் தனியாகக் கழுவி வைப்பார்கள். கையின் உழைப்பு வீட்டுக்குள் வர வேண்டும், ஆள் வாசலோடு நிற்க வேண்டும். "அவளும் எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதான்" என்ற சொல்லும் அங்கேதான் கேட்கும். வீட்டுப் பெண் என்று சொன்னால் விடுப்புக்கும் கூலி உயர்வுக்கும் பேச்சில்லை. அமெரிக்கச் சட்டத்தில் "துணை" என்ற சொல் செய்த வேலையை நம் வீடுகளில் இந்தச் சொல் செய்கிறது.

முதுமை இங்கே பெருகிவருகிறது, பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். ஹோம் நர்ஸ், அட்டெண்டர், ஆயா என்று பெயர் சொல்லி ஏஜென்சிகள் பெண்களை அனுப்புகின்றன. வீட்டுக்காரர் ஏஜென்சியைக் காட்டுவார், ஏஜென்சி "நாங்கள் ஆள் அனுப்புவதோடு சரி" என்று வீட்டுக்காரரைக் காட்டும். லாஸ் ஏஞ்சல்ஸின் அதே முடிச்சு.

கையில் எதுவும் இல்லாமல் நாம் தொடங்கவில்லை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007இல் நல வாரியம் அமைந்தது. 2018இல் மாநில அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. தொடக்க நிலை வேலைக்கு மணிக்கு 37 ரூபாய். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன்வரைவில் விலக்கப்பட்டிருந்த வீட்டுப் பணியாளர்கள் போராட்டத்துக்குப் பிறகு உள்ளே வந்தார்கள். அந்தச் சட்டம் வீட்டையும் பணியிடம் என்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் ஒப்பந்தத்துக்கு 2011இல் இந்தியா ஆதரவாக வாக்களித்தது, ஆனால் இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

ஆனால் நல வாரியம் உதவி தருகிற இடம். பேரம் பேசும் இடம் அல்ல. வாரியத்தில் பதிவு செய்த பெண்ணுக்குத் திருமண உதவி கிடைக்கலாம். அவருடைய கூலியை எதிரே உட்கார்ந்து பேசுவதற்கு யாரும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் பெண்கள் பன்னிரண்டு ஆண்டு போராடியது அந்த எதிர் நாற்காலியில் ஒருவரை உட்காரவைப்பதற்காகத்தான். ஏஜென்சியும் அரசும் வீட்டுக்காரரும் பொறுப்பேற்கும் ஒரு வாரியத்தை, பேச வேண்டிய கடமையுள்ள வாரியத்தை, நாமும் கேட்கலாம். 1943இல் அண்ணல் கேட்டதன் தொடர்ச்சியே அது.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. ஆய்வு செய்யத் தலைப்பு தேடுகிறீர்கள். சென்னையில் குடிசைகளை அகற்றிக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்களே, அங்கிருந்து விடியலில் பேருந்து ஏறும் பெண்களிடம் போய்க் கேளுங்கள். எத்தனை வீடு, எத்தனை மணி நேரம், யார் கூலி தருகிறார்கள், விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு? அந்தப் பேருந்துதான் அவர்களுடைய ஆலை வாசல். வேலையிடத்தில் சந்திக்க முடியாதவர்கள் அங்கே சந்திக்கிறார்கள்.

செயல்பாட்டாளர்களுக்கு ஒன்று. பராமரிப்புப் பெறுபவரை எதிர் அணியில் நிறுத்திவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் இயக்கங்களோடு முதலில் உட்கார்ந்து பேசுங்கள். நம் சேரியிலும் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் உண்டு. அவர்களைப் பார்க்கக் கூலி கொடுத்து ஆள் வைக்க முடியாது. நாள் முழுதும் அடுத்தவர் வீட்டுப் பெரியவரைத் தூக்கிவிட்டு வருகிற பெண்தான் இரவில் தன் தாயையும் தூக்குகிறாள். அவள் இரண்டு வீட்டிலும் செய்வது உழைப்பு என்று சொல்லும் சங்கம் நமக்கு வேண்டும்.

ஜெய்பீம்.